இடப்பக்கம் போடுங்க

பட்டறைக்கு வருகிற யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. "பொறியக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று எது வேண்டுமானாலும் செய்து தரும் அந்தப் பட்டறையில் வெல்டிங் வேலை முழுக்க அவளுடையது. பொறி பறக்கிற வேலை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். கூட வேலை செய்தவர்களுக்குத்தான் நிஜம் தெரியும். அவள் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் ஓரடி பின்னால் போய்விடுவார்.

அப்பா விட்டுப்போன பட்டறையை அவளும் தம்பியுமாக நடத்தினார்கள். தம்பி அளவெடுப்பான், வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவான், கோபித்துக்கொண்டு போனவர்களைச் சமாதானம் செய்து கூட்டி வருவான். இரும்பு அவள் பாடு, மனிதர்கள் அவன் பாடு. வீட்டில் அவளும் கணவருமாக இரண்டே பேர். கணவர் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, துடைத்து, அலமாரியில் அடுக்குகிற வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு குடுவையைக்கூட அவர் கை தவறவிட்டதில்லை. நடப்பதே சத்தம் கேட்காமல் நடப்பார். இவளுக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று சொந்தக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். தினமும் சண்டை போட்டுத்தான் ஒத்துப்போனார்கள்.

ஒரு பகல் வேளையில், பெயின்ட் அடிப்பதற்காகச் சங்கிலியில் தூக்கி நிறுத்தியிருந்த பெரிய கேட் ஒன்று கொக்கி நழுவிச் சாய்ந்தது. அதன் மூலை அவள் தலையின் வலப்பக்கத்தில் இறங்கியது. வியர்வையைத் துடைக்கத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கவசம் ஒருபுறம் உருண்டது, அவள் ஒருபுறம் விழுந்தாள்.

மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். அவள் கண் விழித்தபோது தலையில் பாதி முடி இல்லை. இடது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. அது எல்லோருக்கும் புரிந்தது. புரியாதது வேறொன்று. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் வலப்பக்கத்துப் பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். இடப்பக்கத்துப் பாதி அப்படியே இருந்தது. கணவர் தட்டைத் திருப்பி வைத்தார். திடீரென்று சாப்பாடு முளைத்ததைப் பார்த்து அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். செருப்பு போட்டால் வலது காலில் மட்டும். முகம் கழுவினால் வலது கன்னத்தில் மட்டும். கட்டிலுக்கு இடப்பக்கமாக வந்து நின்று தம்பி எத்தனை முறை "அக்கா" என்று கூப்பிட்டாலும் வலப்பக்கச் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"கண்ணுல கோளாறு எதுவும் இல்ல," என்றார் மருத்துவர். "மூளைதான் இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே கணக்குல எடுத்துக்க மாட்டேங்குது. அவங்களுக்கு அது குறையாவே தெரியாது."

அவளுக்குத் தெரியவும் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் எல்லாத்தையும் எங்கயோ ஒளிச்சு வைக்கறீங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு கணவர் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். கதவு நிலைகளில் அவள் இடது தோள் இடிக்காமல் இருக்கப் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டார். ஊட்டிவிட்டார், வாயைத் துடைத்துவிட்டார். அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். பார்க்க வந்தவர்களும் அவளைத் தாண்டி அவரிடம்தான் பேசினார்கள். "இப்ப எப்படி இருக்காங்க? நல்லா தூங்கறாங்களா?"

"நாற்காலி எப்படி இருக்குன்னா கேக்கறீங்க? நான் இங்கதான் உக்காந்திருக்கேன். என்னைக் கேளுங்க," என்பாள் அவள்.

வந்தவர்கள் சங்கடமாகச் சிரிப்பார்கள். கணவர் அவர்களைப் பார்த்து, அடிபட்டதால் வந்த கோபம் என்பதுபோல் கண் காட்டுவார். அந்தக் கண்காட்டலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பெல்லாம் அவள் கத்தினால் அவரும் பதிலுக்குக் கத்துவார், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு போவார். இப்போது எது சொன்னாலும், "சரிம்மா, சரிம்மா." அந்தச் "சரிம்மா"வைக் கேட்பதற்கு இன்னொரு கேட் தலையில் விழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மறுவாழ்வுப் பயிற்சிப் பிரிவு இருந்தது. ரப்பர் விரிப்பும் தரை துடைக்கும் மருந்தும் கலந்து மணக்கும் நீளமான அறை. அங்கே அவளுக்கு முதலில் கொடுத்த வேலை, துளை போட்ட பலகையில் மரமுளைகளைக் குத்துவது. வலப்பக்கத்துத் துளைகளை நிரப்பிவிட்டு நிமிர்ந்தாள். "முடிஞ்சுது."

"பாதிதான் ஆயிருக்கு, அக்கா," என்றாள் அந்தப் பிரிவில் பயிற்சி கொடுக்கிற பிசியோ. இவளைவிட மிகவும் சின்னவள், ஒல்லியான பெண். நாள் முழுக்கத் தன்னைவிடக் கனமானவர்களைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பவள்.

பொறி பலகையைக் கையால் ஒரு வீசு வீசினாள். முளைகள் அறையெங்கும் சிதறின. "இதைக் குத்தி என்ன கதவு பண்ணப் போறேன்? நான் இரும்பை ஒட்டினவ. என்னைக் குழந்தைப் பள்ளிக்கூடத்துல உக்கார வைக்கறியா?"

கணவர் பதறிக்கொண்டு முளைகளைப் பொறுக்கக் குனிந்தார். பிசியோ கோபப்படவில்லை. "இவ்வளவு கோபத்தை இந்தப் பலகை தாங்காது. வாங்க, வேற இடம் காட்டறேன்," என்றாள்.

பக்கத்து அறை ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த இடம். இப்போது அதன் நடுவில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை. தலையில் அடிபட்டவர்கள் வாரத்தில் சில நாள் அங்கே விளையாடினார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு டாக்சி ஓட்டுநர் அங்கே நிரந்தரம். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கை கொடுத்து நலம் விசாரிப்பதால் அவருக்கு "மேயர்" என்று பெயர். அவருக்கு நினைவு நிற்காது. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் யார் முன்னால் என்று கேட்பார். யாரும் சொல்வதற்குள் தானே முன்னால் என்று அறிவித்துவிடுவார்.

"விளையாட்டா? எனக்கு என்ன வயசுன்னு தெரியுமா?" என்றாள் பொறி.

"மரமுளை நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும். பந்து காத்திருக்காது," என்றாள் பிசியோ. "அது இடப்பக்கம் வந்தா நீங்க தேடணும், திரும்பணும், காலை நகர்த்தணும், அடிக்கணும். எல்லாம் ஒரே மூச்சுல. உங்க மூளைக்கு இப்ப அந்த அவசரம்தான் வேணும்."

மட்டையை வலது கையில் கொடுத்துவிட்டு எதிரே போய் நின்றாள். முதல் பந்தை வலப்பக்கம் போட்டாள். பொறி அதை ஓங்கி அடித்தாள். பந்து சுவரில் பட்டுத் தெறித்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த பந்து இடப்பக்கம். அவள் அசையவில்லை.

"போடேன். என்ன பாத்துக்கிட்டு நிக்கற?"

"போட்டுட்டேன், அக்கா."

"பந்தே வரல."

"வந்துச்சு. உங்களைத் தாண்டிப் போயிடுச்சு."

"என் காதுல பூ சுத்தாத. சத்தம் கேட்டுச்சு, பந்து வரல. நீ மேஜையைத் தட்டி ஏமாத்தற."

"எனக்குத்தான் பாயின்ட்!" என்றார் மேயர், ஆடாமலே.

பிசியோ கணவரைப் போனில் படமெடுக்கச் சொல்லிவிட்டு இன்னும் சில பந்துகள் போட்டாள். பிறகு போனைக் கொண்டுவந்து அவளுக்கு வலப்பக்கமாகப் பிடித்துக் காட்டினாள். திரையில் ஒரு பெண் மட்டையோடு நிற்கிறாள். ஆரஞ்சு நிறப் பந்து அவள் இடது கைக்கு ஒரு சாண் தள்ளி, தும்பியைப் போல நிதானமாகக் கடந்து போகிறது. அவள் எதிரே பார்த்துக்கொண்டு, "போடேன்" என்கிறாள். மறுபடி ஒரு பந்து. மறுபடி, "போடேன்."

பொறி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட் விழுந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொன்னதெல்லாம் அப்போதுதான் உள்ளே இறங்கியது. அப்படியானால் இன்னும் எவ்வளவு போயிருக்கிறது? தட்டில், தெருவில், வீட்டில், இத்தனை நாளும் தான் பார்க்காத பாதியில் யாரெல்லாம் நின்றார்கள்? கணவர் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவர் சொல்வதற்குள் அவள் போனைத் தள்ளிவிட்டாள்.

"மறுபடி போடு. அந்தப் பக்கமே போடு."

அன்றிலிருந்து அதுதான் அவள் வேலை. பிசியோ மேஜையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினாள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தலையைத் திருப்பி அந்தச் சிவப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். சிவப்பு தெரிந்தால்தான் மேஜை முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். கழுத்தைத் திருப்புவது துருப்பிடித்த கீலைத் திருப்புவதுபோல இருந்தது. திருப்பிய மறுகணமே பார்வை தானாக வலப்பக்கம் சரிந்துவிடும். "சிவப்பு!" என்று பிசியோ கத்துவாள். "தெரியும், கத்தாத!" என்று இவள் கத்துவாள். சர்வீஸ் போட இடது உள்ளங்கையில் பந்தை வைக்க வேண்டும். விரல்கள் தாமாகச் சுருண்டு பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். "விடு, சனியனே," என்று தன் கையையே திட்டுவாள். அங்கே யாரும் அவளுக்காக வருத்தப்படவில்லை. தோற்றால் தோற்றதாகச் சொன்னார்கள். அதற்காகவே அவள் மறுநாளும் போனாள்.

மெல்ல மெல்ல இடப்பக்கம் வந்த பந்துகளில் சிலதைத் தொட ஆரம்பித்தாள். தட்டின் அந்தப் பக்கத்தைத் தானே தேடினாள். இரண்டு காலிலும் செருப்பு ஏறியது, ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது.

அப்படி ஒரு பந்தை எட்டிப் பிடிக்கப் பாய்ந்தபோதுதான் இடது கால் மடங்கியது. மேஜை விளிம்பில் தாடை இடித்துக் கீழே விழுந்தாள். தையல் போட வேண்டியதாயிற்று. கணவரின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப் போனது. "போதும்," என்றார். "இனிமே அங்க போக வேணாம். வீட்டுலயே பயிற்சி பண்ணிக்கலாம்."

"விழுந்தது நான். போதுமா போதாதான்னு சொல்றதும் நான்தான்."

"சரிம்மா," என்றார். ஆனால் மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. தம்பியை வரவழைத்தார்.

தம்பி பழம் வாங்கிக்கொண்டு வந்து அவளுக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தான். வாடிக்கையாளரிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. "அக்கா, பந்து விளையாட்டெல்லாம் சின்னப் பசங்களுக்கு. உனக்கு என்ன குறை? மாமா தாங்கு தாங்குன்னு தாங்கறாரு. பட்டறையை நான் பாத்துக்கறேன். நீ கஷ்டப்பட்டது போதும். உன் வெல்டிங் மெஷினைக்கூட ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு, சும்மா தூசி படிஞ்சு கிடக்கறதுக்கு..."

அவன் பாதியில் நிறுத்தினான்.

"கேட்டவர்கிட்ட என்ன சொன்ன?"

தம்பி பழத்தைப் பார்த்தான்.

"என்னடா சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். உன் நல்லதுக்குத்தான், அக்கா."

"என் நல்லது எல்லார் வாயிலயும் இருக்கு, என் வாயைத் தவிர," என்றாள். அவள் கத்தாதது தம்பிக்குக் கத்தியதைவிடப் பயமாக இருந்தது.

கணவரின் விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய ஒரு காலையில், அவள் இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மருத்துவமனை நடந்து போகிற தூரம்தான். முன்பு அவளுக்கு அது ஒரு தூரமே இல்லை. இப்போது ஒவ்வொரு விளக்குக் கம்பமும் திடீரென்று தோளில் வந்து இடித்தது. ஒரு சைக்கிள்காரர், "கண்ணு தெரியலையா?" என்று திட்டிக்கொண்டு போனார். "கண்ணு தெரியுது, மூளைதான் தெரியல," என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

பெரிய சாலைதான் பயமுறுத்தியது. இடப்பக்கத்திலிருந்து வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. சத்தம் கேட்டது, வண்டி தெரியவில்லை. அவள் நடைபாதை விளிம்பில் நின்று கழுத்தை இடப்பக்கம் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். தூரத்தில் ஒரு கடையின் சிவப்புப் பலகை தெரிகிறவரை திருப்பினாள். அதற்கும் இந்தப் பக்கமாக ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று நின்றாள். பக்கத்தில் நின்றவர், "கையைப் பிடிச்சுக்கங்கம்மா," என்றார்.

"கை வேணாம். வேணும்னா பக்கத்துல வாங்க," என்றாள்.

அவர் பக்கத்திலேயே நடந்து வந்து, மறுபுறம் சேர்ந்ததும் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிசியோ அவளைப் பாராட்டவில்லை. "தனியா வந்ததுக்கு நான் கை தட்டுவேன்னு பாத்தீங்களா? வண்டி இடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? அடுத்த தடவை யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க," என்று திட்டிவிட்டுக் கணவருக்குப் போன் செய்தாள். அவர் ஆய்வக மேலங்கியோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ற? எனக்கு உயிரே போயிடுச்சு."

"இப்ப திரும்பி வந்துடுச்சில்ல? இந்தாங்க மட்டை." அவள் மேஜையின் ஒரு முனையில் நின்றாள். "என்னோட ஒரு ஆட்டம் ஆடுங்க. நீங்க ஜெயிச்சா நான் வீட்டுலயே உக்காந்திருக்கேன். நான் ஜெயிச்சா யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

அவர் பிசியோவைப் பார்த்தார். பிசியோ பொறியின் இடப்பக்கமாக, விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் வந்து நின்றுகொண்டாள்.

கணவர் குடுவையை அலமாரியில் வைப்பதுபோலப் பந்தை வலப்பக்கம் மெல்ல வைத்தார். அவள் அடித்தாள். அவர் மறுபடி வலப்பக்கமே வைத்தார். அவளுக்குப் பாயின்ட் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அவள் மட்டையால் மேஜையை ஓங்கித் தட்டினாள்.

"இடப்பக்கம் போடுங்க."

"விழுந்துடுவே."

"விழுந்தா எழுந்துக்கறேன். எத்தனை நாளைக்கு எனக்குப் பாதி உலகத்தையே குடுத்துக்கிட்டு இருப்பீங்க? இடப்பக்கம் போடுங்க!"

அவர் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடே இடப்பக்கம் போட்டார். அவள் தவறவிட்டாள். "இன்னொண்ணு." தவறவிட்டாள். "நிறுத்தாதீங்க." அவர் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பிடித்தது. பள்ளிக்கூட ஆசிரியர்கள் அறையில் எப்போதாவது ஆடிய பழக்கம் அவருக்கு இருந்தது. பந்து வேகமாக வர ஆரம்பித்தது. அவள் சிவப்பைத் தேடினாள், காலை நகர்த்தினாள், மட்டையை நீட்டினாள். பந்து அவர் பக்கத்து மேஜை விளிம்பை உரசிக் கீழே விழுந்தது.

"என் பாயின்ட்!" என்றாள்.

"விளிம்புல படல," என்றார் கணவர்.

"பட்டுச்சு!"

"படவே இல்ல! எனக்கென்ன கண்ணு இல்லையா? உன் இஷ்டத்துக்குச் சொல்லாத!"

அவர் குரல் உயர்ந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. கேட் விழுந்த நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் போட்ட முதல் சண்டை அது. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு நின்றார். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகி வழிந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, படல. அடுத்ததைப் போடுங்க," என்றாள்.

"அக்காதான் முன்னால!" என்றார் மேயர். அது தப்பு. கணவர்தான் முன்னால் இருந்தார், கடைசிவரை இருந்தார். அவள் நன்றாகவே தோற்றாள்.

கணவர் மட்டையை வைத்துவிட்டுத் தயங்கினார். "தோத்தா வீட்டுல இருக்கேன்னு சொன்னியே."

"சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன். நாளைக்கும் வருவேன், நீங்களும் வரணும். இந்தத் தோல்வியை நான் சும்மா விட மாட்டேன்."

அவர் வந்தார். பள்ளி விட்டதும் வந்து, வியர்க்க வியர்க்க ஆடி, சண்டை போட்டுக்கொண்டே இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

பட்டறைக்குப் போவது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. வலிப்பு வரக்கூடும் என்று மருத்துவர் மெஷின் பக்கமே போகக் கூடாது என்றார். அவள் ஒவ்வொரு முறையும் கேட்டாள், ஒவ்வொரு முறையும் மறுத்தார். மாத்திரையில் வலிப்பு வராமலே இருந்து, நடையும் பார்வையும் தேறிய பிறகுதான் இறங்கி வந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும். இரும்பைத் தேய்க்கிற கிரைண்டரைத் தொடக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது. முறைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

தம்பி மெஷினை விற்றிருக்கவில்லை. தூசி தட்டி வைத்திருந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கிளாம்ப் போட்டு இறுக்கிய சட்டத்தில் வெல்டிங் வைத்தாள். கை மறக்கவில்லை. முடித்துவிட்டு முகமூடியைத் தூக்கினாள். அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பிய சமயம் பார்த்து, சட்டத்தின் இடது கோடியில் ஒட்டாமல் விட்டிருந்த இரண்டு விரல் நீளத்தைத் தம்பி சத்தமில்லாமல் ஒட்டப் போனான். கரகரவென்று கேட்ட சத்தத்தில் அவள் திரும்பினாள்.

"என்னடா பண்ற?"

"ஒண்ணுமில்ல, அக்கா. கொஞ்சம் விட்டுப் போயிருந்துச்சு."

"விட்டுப் போயிருந்தா என்கிட்ட சொல்லு. என் முதுகுக்குப் பின்னால நல்லவனா இருக்காத. அதை எடு. நான் வைக்கறேன்."

தம்பி கையிலிருந்ததைக் கீழே வைத்தான். "எடுக்கணும்னா கிரைண்டர் போடணும். உனக்குத்தான் கூடாதே."

"எனக்குக் கூடாது. உனக்குக் கை இருக்கில்ல?"

அவன் தான் வைத்ததைத் தானே தேய்த்து எடுத்தான். அவள் கழுத்தைத் திருப்பி, அந்த மூலையைக் கண்டுபிடித்து, மறுபடி வைத்தாள்.

அவள் முழுசாக வைத்து முடித்த முதல் கேட்டை எடுத்துப்போக ஒரு கடைக்காரர் வந்தார். பழைய வாடிக்கையாளர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெல்டிங் வரிசை முன்போல ஒரே சீராக இல்லை. இடது கோடியில் தடித்து, மேடு பள்ளமாக இருந்தது. கடைக்காரர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "அழகா இல்லையே, முன்ன மாதிரி?" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்கிட்டயே சொல்லுங்க," என்றாள் பொறி, நாற்காலியில் இருந்தபடியே. "அழகா இல்லதான். பாக்கறதுக்கா வாங்கறீங்க, பூட்டறதுக்கா? இழுத்துப் பாருங்க."

கடைக்காரர் தயங்கினார். அவள் விடவில்லை. அவர் கேட்டின் இடது கோடிக் கம்பியைப் பிடித்து இழுத்தார். காலை ஊன்றி இன்னொரு முறை இழுத்தார். தம்பியும் வந்து சேர்ந்து இழுத்தான். ஒட்டு அசையவில்லை.

"சரி, வண்டியில ஏத்துங்க," என்றார் கடைக்காரர்.

"இன்னொரு கோட் பெயின்ட் அடிக்கணும், நாளைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு, முகமூடியை இறக்கிக்கொண்டு, அடுத்த சட்டத்தைக் கொண்டுவந்து போடச் சொன்னாள்.